கோத்தகிரிப் பக்கம் ஒரு ஏக்கரில் பழைய முறையில் கிழங்கு போட

கேள்வியின் சாரம் இது: கோத்தகிரிப் பக்கம் 6,000 அடி உயரத்தில் ஒரு ஏக்கர் குடும்ப நிலம். பன்னிரண்டு வருடமாகப் புல் மண்டிக் கிடக்கிறது. தாத்தா காலத்தில் அங்கே உருளைக்கிழங்குதான். அதே பழைய முறையில் மறுபடி போட வேண்டும். வெள்ளோட்டமாகக் கடையில் 20 கிலோ கிழங்கு வாங்கி நட்டார்கள். பாதி முளைக்கவே இல்லை. முளைத்ததும் பூ எடுக்கும் முன்பே கருகிப்போனது. தப்பு எங்கே, சரியாக எப்படிச் செய்வது?

தப்பு நட்ட விதத்தில் இல்லை, நட்ட பொருளில் இருக்கிறது. கடைக் கிழங்கு சாப்பிடத்தான், விதைக்க அல்ல. குளிர்பதனக் கிடங்கில் மாதக்கணக்கில் இருக்கும் கிழங்கு முளை விடாமலிருக்க அங்கே மருந்துப் புகை போடுவதும் உண்டு. அந்தக் கிழங்கை எத்தனை பக்குவமான மண்ணில் வைத்தாலும் கண் திறக்காது, திறந்தாலும் நூல் மாதிரி ஒரு முளைதான் வரும். புதிதாகத் தோண்டி வந்த கிழங்கென்றால் அது உறக்கத்தில் இருக்கும். எடுத்து இரண்டு, இரண்டரை மாதம் ஆகாமல் கிழங்கு முளைக்காது, மழை ஈரத்தில் அழுகத்தான் செய்யும். ஒரே கூடையில் நாலு ஊர்க் கிழங்கு கலந்திருப்பதால் நோய் எதனுடன் வந்தது என்று கண்டுபிடிக்கவும் முடியாது. மேலே செம்மண் ஒட்டியிருப்பதைப் பார்த்து ஊட்டிக் கிழங்கு என்று நம்பவும் வேண்டாம். சமவெளிக் கிழங்குக்குச் செம்மண் பூசி விற்பதும் நடக்கிறது.

நீலகிரியில் கிழங்குக்கு வயது இருநூறுதான். 1820-களில் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில் மேலே ஏறிய பயிர் இது. அதற்கு முன் சாமையும் ராகியும் கொரளியும்தான். கிழங்கு வந்த பிறகும் அந்தத் தானியங்கள் உடனே போய்விடவில்லை. கிழங்கு எடுத்த இடத்தில் அடுத்து சாமையோ கோதுமையோ பார்லியோ விழும், பிறகு கொஞ்ச காலம் தரிசாகக் கிடக்கும். பழைய முறை என்று எதையாவது மீட்பதானால் முதலில் மீட்க வேண்டியது அந்தச் சுழற்சியைத்தான். மாட்டெருவும் கைக்கொத்தும் அதற்கு அப்புறம். பின்னால் விலை நன்றாக இருந்த காலத்தில் அதே மண்ணில் போகத்துக்குப் போகம் கிழங்கு வைத்தார்கள். அதுவும் பல வீடுகளில் 'தாத்தா கால முறை' என்றே நினைவில் இருக்கிறது. அந்த முறையை மீட்காதீர்கள்.

காரணம் முட்டைக்கூடு நூற்புழு. 1961-ல் உதகமண்டலத்தில் முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கிழங்குச் செடியின் வேரில் ஒட்டி வாழும் பெண் புழு செத்ததும் அதன் உடம்பே கெட்டித் தோலாகி, உள்ளே சில நூறு முட்டைகளைப் பொத்தி வைத்துக்கொள்ளும். ஊசி முனை அளவுதான். இந்தக் கூடு மண்ணில் இருபது வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். கிழங்கு வேரிலிருந்து கசியும் சாறு பட்டால்தான் பெரும்பாலான முட்டைகள் பொரியும். உங்கள் நிலத்துக்குப் பன்னிரண்டு வருட ஓய்வு கிடைத்திருக்கிறது. அது பெரிய வரம்தான். ஆனால் புல்லுக்குள் தானாக முளைத்துச் செத்து முளைத்துக்கொண்டிருந்த பழைய கிழங்குச் செடிகள் இருந்திருந்தால் புழுவுக்கு அந்த ஓய்வு இருந்திருக்காது. 1971-லேயே நீலகிரியிலிருந்து விதைக்கிழங்கு வெளியே போகத் தடை வந்ததும் இந்தப் புழுவால்தான்.

முதல் வேலையாக மண்ணைப் பாருங்கள். நிலத்தில் இருபது இடத்தில் அரை அடி ஆழத்துக்குக் கைப்பிடி கைப்பிடியாக மண் எடுத்து, கலந்து, நிழலில் நன்றாகக் காயவையுங்கள். காய்ந்த மண்ணில் ஒரு டம்ளர் அளவை ஒரு வாளித் தண்ணீரில் போட்டுக் கலக்கி அரை நிமிடம் விடுங்கள். காய்ந்த கூடு உள்ளே காற்றடைத்து இருப்பதால் மிதக்கும். மேலே மிதப்பதை மெல்லிய வெள்ளைத் துணியில் வடித்து, கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் சருகுத் தூளுக்கு நடுவில் கடுகில் கால் அளவுக்கு உருண்டையாக, பழுப்பாகப் பளபளக்கும் புள்ளிகள் தெரியும். விதை மாதிரி ஒரு பக்கம் கூர்மையாக இருந்தால் அது புல் விதை. சின்னக் கழுத்தோடு உருண்டையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். எத்தனை உயிருள்ளது என்ற கணக்கு கண்ணால் வராது. அதற்கு முத்தோரையில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு பொட்டலம் கொண்டுபோய்க் கேளுங்கள். விதைக்கும் அங்கேதான் போகப்போகிறீர்கள், ஒரே நடையில் முடிந்துவிடும்.

ரகம் பற்றி. நீலகிரிச் சந்தையில் நீண்டகாலம் பேர் வாங்கியது குப்ரி ஜோதி. 1968-ல் வெளிவந்தது. வெள்ளைத் தோல், ஆழமில்லாத கண், தோலுரிக்கச் சுலபம் என்பதால் வியாபாரிக்குப் பிடிக்கும். வந்த புதிதில் கருகல் நோயைத் தாங்கியது. இப்போது அந்தத் தாங்கும் சக்தி போய்விட்டது. நூற்புழுவுக்கு எதிர்ப்பு அதற்கு என்றைக்கும் இருந்ததில்லை. நூற்புழு உள்ள நிலத்துக்கென்றே வந்தது குப்ரி சுவர்ணா, 1985. பிறகு குப்ரி நீலிமா, குப்ரி சஹ்யாத்ரி போன்றவை வந்தன. எதிர்ப்பு ரகம் வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. அதன் வேரும் புழுவைப் பொரிக்க வைக்கும், ஆனால் உள்ளே புகுந்த புழு பெண்ணாக முற்றி முட்டை வைக்க முடியாது. ஆகவே எதிர்ப்பு ரகத்தை நட்டாலே மண்ணில் முட்டை குறையும். ஆனால் அதையே வருடாவருடம் நட்டால் அதையும் மீறும் புழு தேறி வரும். மண்ணில் கூடு தென்பட்டால் முதல் தடவை எதிர்ப்பு ரகம் போடுங்கள். இல்லையென்றால் உங்கள் விருப்பம்.

இப்போது போகம். நீலகிரியில் மூன்று: ஜனவரி, பிப்ரவரியில் நடும் நீர்போகம், ஏப்ரல், மே நடும் கார்போகம், ஆகஸ்ட், செப்டம்பர் நடும் கடைபோகம். நீர்போகம் ஓடைத் தண்ணீர் எட்டும் பள்ளத்து நிலத்துக்கு. பள்ளத்தில்தான் உறைபனியும் இறங்கும், கவனம். கடைபோகம் உங்கள் பக்கத்துக்கு ஆகாது என்பேன். கோத்தகிரி கிழக்குச் சரிவில் இருப்பதால் அக்டோபர், நவம்பர் மழை அங்கேதான் பலமாகக் கொட்டும். கிழங்கு பருக்கும் நேரம் பார்த்து வாரக்கணக்கில் மூடுபனி நிற்கும். கார்போகம்தான் உங்களுக்குச் சரி. ஏப்ரல் கோடைமழை இரண்டு பெய்து மண் நனைந்ததும் நட்டால், ஜூன், ஜூலையில் உதகைப் பக்கம் அளவுக்கு மழை அடிக்காது, ஆகஸ்டில் கிழங்கு வீட்டுக்கு வந்துவிடும்.

இங்கே பலரும் கவனிக்காத ஒரு கணக்கு இருக்கிறது. விதைக்கும் வயது உண்டு. எடுத்து இரண்டரை மாதத்துக்குள் நட்டால் தூங்கும். எட்டு மாதம் வைத்திருந்தால் கிழமாகிவிடும்: முளை விட்டு, உடைந்து, மறுபடி விட்டு, கிழங்கு சுருங்கி, நட்டால் செடி குட்டையாக வந்து சீக்கிரமே மஞ்சளாகும். மூன்று முதல் ஐந்து மாத வயதுதான் விதைக்கு வாலிபம். ஏப்ரலில் நடுவதற்கு டிசம்பரில் எடுத்த கடைபோகக் கிழங்கு வேண்டும். ஜனவரி நடவுக்குச் சரியாக வருவது ஆகஸ்டில் எடுத்த கார்போகக் கிழங்கு. பழைய ஆட்கள் ஒரு போகத்தைத் தாண்டித்தான் விதை எடுத்தார்கள், பக்கத்து ஊரோடு மாற்றியும் கொண்டார்கள் என்றால் அதில் இந்த வயதுக் கணக்கு இருக்கிறது. நீங்கள் விதை கேட்கும்போது முதல் கேள்வி 'என்ன விலை' என்று இருக்கக் கூடாது, 'எப்போது எடுத்தது' என்று இருக்க வேண்டும்.

ஒரு ஏக்கரையும் கிழங்காக்காதீர்கள். மூன்றாகப் பிரித்து 33 சென்ட் மட்டும் கிழங்கு. மற்ற இரண்டு துண்டில் கேரட், முட்டைக்கோஸ், பீன்ஸ், பூண்டு, பட்டாணி என எது வேண்டுமானாலும். தக்காளியும் கத்திரியும் மட்டும் வேண்டாம், அவை கிழங்கின் பங்காளிகள், நூற்புழுவும் வாடலும் இரண்டிலும் வாழும். அடுத்த வருடம் துண்டு மாறும். ஒரு துண்டுக்கு மறுபடி கிழங்கு வர மூன்று வருடம். கிழங்கு இல்லாத ஒவ்வொரு வருடமும் மண்ணில் உயிருள்ள நூற்புழு முட்டை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தானாகவே குறையும் என்பதால், இந்த இடைவெளி பேருக்கு விடுவதல்ல.

33 சென்டுக்கு என்னென்ன வேண்டும் என்றால்: 2 அடிக்கு ஒரு பார் (நீள மண்மேடு), பாரில் 8 அங்குலத்துக்கு ஒரு கிழங்கு என்று வைத்தால் பத்தாயிரத்து எண்ணூறு கிழங்கு வரும். 40 கிராம் விதை, அதாவது சின்னக் கோழிமுட்டை அளவு. மொத்தம் 430 கிலோ, 45 கிலோ மூட்டையில் பத்து மூட்டைக்குச் சற்றுக் குறைவு. பெரிய கிழங்கு மலிவாகக் கிடைத்தால் வெட்டி நடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சமவெளியில் காய்ந்த பருவத்தில் வெட்டுவார்கள். மலையில் மழையை எதிர்பார்த்து நடும்போது வெட்டக் கூடாது. வெட்டுவாய் ஆறுவதற்குள் அழுகல் நுழையும். பழுப்பு அழுகல் பிடித்த ஒரே ஒரு கிழங்கை வெட்டிய கத்தி அடுத்து வெட்டும் கிழங்குகளுக்கெல்லாம் அந்த நோயைப் பூசிவிடும்.

விதை வந்ததும் மூட்டையிலேயே விடாதீர்கள். நடுவதற்கு ஐந்தாறு வாரம் முன்பே பிரித்து, வெயில் படாத ஆனால் வெளிச்சம் வரும் இடத்தில், மூங்கில் தட்டியிலோ பலகையிலோ இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் பரப்புங்கள். இருட்டில் வைத்தால் முளை வெள்ளையாக, விரல் நீளத்துக்கு, தொட்டால் ஒடிவதாக வரும். வெளிச்சத்தில் வைத்தால் அரை அங்குலத்தில் நின்று, பச்சையோ ஊதாவோ கலந்து தடியாக நிற்கும். கிள்ளிப் பார்த்தால் மரச்சிம்பு மாதிரி உறுதி தெரியும். முதலில் நுனிக் கண் மட்டும்தான் முளைக்கும், மற்ற கண்களை அது அடக்கி வைத்திருக்கும். அந்த ஒற்றை முளை கால் அங்குலம் இருக்கும்போதே கட்டைவிரலால் தள்ளிவிட்டால் பத்துப் பதினைந்து நாளில் மூன்று நான்கு கண்கள் சேர்ந்து கிளம்பும். ஒரு கிழங்கிலிருந்து நாலு தண்டு வருவதற்கும் ஒரு தண்டு வருவதற்கும் விளைச்சலில் இருக்கும் வித்தியாசத்தை எந்த உரமும் ஈடுகட்டாது. இந்த வேலையைக் காலம் கடந்து செய்யாதீர்கள், ஒருமுறைக்கு மேலும் செய்யாதீர்கள். ஒவ்வொரு உடைப்பும் கிழங்கின் சேமிப்பிலிருந்து எடுக்கிற செலவு.

பரப்பியிருக்கும்போது கிழங்கு அந்துப்பூச்சி கண்ணோரம் முட்டை வைக்கும். கண்ணைச் சுற்றிக் கறுப்பாகப் பொடி தள்ளியிருந்தால் உள்ளே புழு இருக்கிறது. காய்ந்த உண்ணிச்செடி இலையோ கற்பூர மர இலையோ ஓர் அங்குலக் கனத்துக்குக் கீழேயும் மேலேயும் போடுவது மலையில் செலவில்லாத தடுப்பு. நன்றாகவே வேலை செய்கிறது. பச்சை இலை போட்டால் ஈரம் கட்டிக் கிழங்கு கெடும், காய்ந்ததுதான் வேண்டும். நடும் முன் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். முளைக்காதது, நூல் முளை விட்டது, தொப்புள் பக்கம் மெத்தென்று இருப்பது எல்லாவற்றையும் கழித்துவிடுங்கள். பத்து மூட்டையில் அரை மூட்டை கழிவு போனால் வருத்தப்பட வேண்டாம்.

மண் வேலைக்கு வருவோம். பன்னிரண்டு வருடப் புல் என்றால் வேரோடு வெள்ளைப்புழுவும் வெட்டுப்புழுவும் குடியிருக்கும். ஜனவரியிலேயே ஒரு தடவை ஆழக் கொத்திப் புரட்டிப் போடுங்கள். பனியும் வெயிலும் பறவையும் பாதி வேலையைச் செய்யும். மார்ச்சில் மறுபடி கொத்தி, புல் வேரை உதறி வெளியேற்ற வேண்டும். குவித்து எரிக்கும் பழக்கம் இருந்தால் அந்தச் சாம்பலைக் கிழங்குத் துண்டில் கொட்டாதீர்கள். நம் மண் புளிப்பு மண். கிழங்குக்கு அந்தப் புளிப்புப் பிடிக்கும், அமில அளவு 4.8 முதல் 5.4 வரை இருந்தால் போதும். சாம்பலோ சுண்ணாம்போ போட்டுப் புளிப்பைக் குறைத்தால் கிழங்குத் தோலில் சொறி வரும். முட்டைக்கோஸுக்குச் சுண்ணாம்பு தேவை, அதை முட்டைக்கோஸ் வருடத்தில் போடுங்கள்.

எரு 33 சென்டுக்கு இரண்டு டன். மட்கி, கையில் அள்ளினால் மண் வாசனை வரும் எருவாக இருக்க வேண்டும். பச்சைச் சாணம் வெள்ளைப்புழு வண்டைக் கூப்பிட்டு முட்டை வைக்கச் சொல்வதற்குச் சமம். ரசாயன உரம் சேர்க்க மனமிருந்தால் மலைக் கிழங்குக்கான அளவு ஏக்கருக்குத் தழைச்சத்து 48, மணிச்சத்து 96, சாம்பல் சத்து 48 கிலோ. உங்கள் துண்டுக்கு யூரியா 35 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 200 கிலோ, பொட்டாஷ் 27 கிலோ, மெக்னீசியம் சல்பேட் 8 கிலோ ஆகிறது. நாலு மூட்டை சூப்பரா என்று கணக்கைச் சந்தேகிக்க வேண்டாம். நீலகிரியின் புளிப்புச் செம்மண்ணில் இருக்கும் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துப் பூட்டிக்கொள்ளும், போட்டதில் கொஞ்சம்தான் வேருக்குக் கிடைக்கும். அதனால்தான் தழையைப்போல இரண்டு பங்கு. இதே காரணத்தால் சூப்பரைத் தோட்டம் முழுக்கத் தூவக் கூடாது. சாலில் (கிழங்கு வைக்கும் நீளப் பள்ளத்தில்), எருவோடு கலந்து, விதைக்குக் கீழே வைத்தால் மண்ணோடு கலப்பது குறையும். உரமும் விதையும் நேரடியாகத் தொடக் கூடாது, நடுவில் இரண்டு விரல் மண் வேண்டும், இல்லாவிட்டால் முளை வெந்துபோகும். யூரியாவில் பாதி இப்போது, பாதி முதல் மண் அணைப்பில். யூரியாவைக் கூட்டினால் செடி இடுப்பளவு வளரும், படம் பிடிக்க அழகாக இருக்கும், கீழே கிழங்கு தாமதமாகும், கருகலும் தேடி வரும்.

பாரை எந்தத் திசையில் போடுவது என்பதில் வீட்டுப் பெரியவர்கள் உங்களோடு சண்டை போடக்கூடும். சரிவில் மேலிருந்து கீழாக நேர்ப் பார் போடுவது பழைய வழக்கம். தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும் என்பது அவர்கள் நியாயம், அந்த நியாயம் பொய்யில்லை. இரண்டு நாள் தண்ணீர் நின்றால் கிழங்கு மூச்சு முட்டி அழுகும். ஆனால் கிழங்குக்கு மண்ணை இவ்வளவு பொடியாக்கிய பிறகு அந்தத் தண்ணீர் மேல்மண்ணையும் நீங்கள் போட்ட சூப்பரையும் சேர்த்து ஓடைக்குக் கொண்டுபோகும். சரிவுக்குக் குறுக்கே, நூறு அடிக்கு அரை அடி சாய்வு மட்டும் கொடுத்துப் பார் போட்டு, ஓரத்தில் புல் விட்ட வடிகாலில் சேருங்கள். தண்ணீரும் நிற்காது, மண்ணும் போகாது.

நடவு நாளில் சால் அரை அடி ஆழம். எரு, உரம், இரண்டு விரல் மண், அதன் மேல் கிழங்கு, முளை மேல் நோக்கி. முளையை ஒடிக்காமல் வைக்கக் கூடையில் தூக்கிப் போகவேண்டும், சாக்கில் கொட்டி இழுக்கக் கூடாது. மேலே நாலு விரல் மண்ணுக்கு மிஞ்சி மூடாதீர்கள். ஆழம் போனால் குளிர் மண்ணில் முளை வெளியே வர ஒரு மாதம் பிடிக்கும், அதற்குள் பாதி அழுகும். 20 முதல் 25 நாளில் தோட்டம் முழுக்கப் பச்சை தெரிய வேண்டும். தெரியாத இடத்தில் தோண்டிப் பாருங்கள். கிழங்கு கல் மாதிரி இருந்தால் தூக்கம், கொழகொழத்தால் அழுகல், முளை நுனி நறுக்கியிருந்தால் வெட்டுப்புழு. வெட்டுப்புழு இரவில் மேய்ந்துவிட்டுக் காலையில் அதே தண்டின் அடியில் ஓர் அங்குல ஆழத்தில் சுருண்டு படுத்திருக்கும். விடிந்ததும் விரலால் கிளறிப் பொறுக்கினால் 33 சென்டுக்கு அதுவே போதும்.

களையும் மண் அணைப்பும் சேர்ந்த வேலை. செடி ஒரு சாண் உயரம் ஆனதும், நட்ட 45-ம் நாள் வாக்கில் முதல் அணைப்பு, 60-ம் நாள் இரண்டாவது. கிழங்கு வேரில் காய்ப்பதில்லை. விதைக்கு மேலே தண்டிலிருந்து பக்கவாட்டில் ஓடும் வெள்ளைக் கொடியின் நுனி பருத்துத்தான் கிழங்காகிறது. மண் போதவில்லை என்றால் அந்தக் கொடி வெளிச்சத்தைக் கண்டு இலை விட்டு இன்னொரு தண்டாகிவிடும், ஒரு கிழங்கு போயிற்று. வெளியே தெரியும் கிழங்கு பச்சையாகிக் கசக்கும், அதில் விஷம் உண்டு, மாட்டுக்கும் போடக் கூடாது. அணைத்து முடித்த பார் முக்கால் அடி உயரம், மேலே கூராக இல்லாமல் அகலமாக இருக்க வேண்டும். இலையில் விழும் கருகல் வித்து மழையோடு இறங்கிக் கிழங்கைத் தொடாமல் தடுப்பதும் இந்த மண்தான். இரண்டாவது அணைப்புக்குப் பிறகு உள்ளே கொத்து போகக் கூடாது. கொடியை அறுத்துவிடுவீர்கள்.

தண்ணீர்: கார்போகத்தில் மழை தந்துவிடும். நட்ட 40-லிருந்து 60 நாளுக்குள் பத்து நாள் சேர்ந்தாற்போல் காய்ந்தால் மட்டும் ஒரு தடவை ஊற்றுங்கள். காய்ந்து கிடந்து திடீரென மழை அடித்தால் கிழங்கு விரல் முளைத்த மாதிரி குமிழ் குமிழாகப் பருக்கும், அல்லது வெடிக்கும். சந்தையில் அது கழிவு.

இனி கருகல். உங்கள் சோதனைச் செடிகளைக் கொன்றது பெரும்பாலும் பின்கருகல்தான். அயர்லாந்தில் 1845-ல் பஞ்சத்தைக் கொண்டுவந்த அதே நோய். இரவில் 10 முதல் 20 டிகிரிக் குளிர், இலை காயாத மூடுபனி, இந்த இரண்டும் இரண்டு மூன்று நாள் சேர்ந்தால் போதும். காலை எட்டு மணிக்கு முன் போய்க் கீழ் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். மேலே தண்ணீர் பட்டு ஊறின மாதிரி ஒரு கரும்பச்சைத் திட்டு, அடியில் அந்தத் திட்டின் ஓரம் மட்டும் வெள்ளையாகப் பனி படிந்த மாதிரி ஒரு வளையம். வெயில் ஏறியதும் அந்த வெள்ளை மறைந்துவிடும், மத்தியானம் பார்ப்பவருக்கு 'ஏதோ காய்ச்சல்' என்றுதான் தோன்றும். வளையம் தெரிந்த நாளிலிருந்து ஒரு வாரம், பத்து நாளில் தோட்டம் மொத்தமும் கரிந்து நாறும். அதனால் தெரிந்தபின் அடிப்பது தாமதம். செடிகள் ஒன்றையொன்று தொடும் வளர்த்தியில், சுமார் 45-ம் நாள், முதல் தெளிப்பு இருக்க வேண்டும். மூடுபனி நின்றால் பத்து நாளுக்கு ஒன்று, வெயிலாக இருந்தால் 60, 75-ம் நாள்.

பழைய மருந்து போர்டோ கலவை, இன்றைக்கும் நல்லது. மயில்துத்தம் 1 கிலோ 50 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஒரு பிளாஸ்டிக் தொட்டியில், சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ நீற்றி 50 லிட்டரில் இன்னொரு தொட்டியில். துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெதுவாக ஊற்றிக் கலக்க வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. வானநீல நிறம் வரும். ஒரு பளபளப்பான அரிவாள் நுனியை ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் துத்தம் மிச்சம் இருக்கிறது, இலையைச் சுடும், இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்த்து அரிவாள் சுத்தமாக வரும்வரை பாருங்கள். அன்றைக்கே தெளித்துத் தீர்க்க வேண்டும், இரவு வைத்தால் வீண். இந்தச் சிரமம் வேண்டாம் என்றால் மான்கோசெப் லிட்டருக்கு 2 கிராம். எதுவானாலும் இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். நம் ஆட்கள் மேலே மட்டும் அடித்துவிட்டு மருந்தைக் குறை சொல்வார்கள்.

வாடல் வேறு. இலை பச்சையாகவே மத்தியானம் தொங்கி, இரண்டு மூன்று நாளில் எழாமல் போனால் அந்தத் தண்டை அடியில் அறுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டு அசையாமல் பாருங்கள். அறுவாயிலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் பாக்டீரியா வாடல். மருந்து கிடையாது. செடியைக் கிழங்கோடு, சுற்றியுள்ள மண்ணோடு எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே போட வேண்டும், அந்தத் துண்டு விளைச்சலில் ஒன்றைக்கூட விதைக்கு வைக்கக் கூடாது. அதே மத்தியான வாட்டம் திட்டுத் திட்டாக, குட்டைச் செடிகளோடு வந்தால் ஒரு செடியைப் பறிக்காமல் தோண்டி எடுத்து வேரை உதறுங்கள். 55, 60 நாள் வாக்கில் வேரில் வெள்ளையாகவோ பொன்மஞ்சளாகவோ குண்டூசித் தலையை விடச் சின்ன முத்துகள் ஒட்டியிருந்தால் நூற்புழு வந்துவிட்டது.

பூக்கும் நேரத்தில் அடுத்த விதைக்கான வேலையைத் தொடங்கலாம். பூத்து நிற்கும் தோட்டத்தில் நடந்து, நல்ல உயரம், நாலு தண்டு, மாசில்லாத இலை உள்ள செடிகளுக்குப் பக்கத்தில் ஒரு குச்சி நடுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்த்து, நோய் வந்ததன் குச்சியைப் பிடுங்குங்கள். அசுவினிப் பூச்சி பரப்பும் இலைச்சுருள் நோயைக் கண்ணை விடக் காது சொல்லும். அடியிலைகள் குழலாகச் சுருண்டு, தடித்து, செடியைக் கையால் உலுக்கினால் காய்ந்த காகிதம் போலச் சரசரக்கும். தேமல் என்றால் இலையில் வெளிர், கரும் பச்சை திட்டுகள். இந்த இரண்டும் கிழங்கு வழியே அடுத்த தலைமுறைக்குப் போகும். விளைச்சல் வருடாவருடம் தேய்வதை 'மண் சோர்ந்துவிட்டது' என்பார்கள், பல சமயம் சோர்ந்தது விதை. குச்சி நின்ற செடிகளைத் தனியாகத் தோண்டி, ஒரு தூரில் ஆறு, ஏழு கிழங்குக்கு மேல் சீராக இருப்பதிலிருந்து மட்டும் முட்டை அளவு கிழங்கை விதைக்கு எடுங்கள். பெரியதை விற்றுவிட்டு மீந்த கோலிக்குண்டுகளை விதைக்கு வைப்பது மோசமான சிக்கனம். நோய்ச் செடியில்தான் கிழங்கு சின்னதாக இருக்கும், ஆக நோயையே பார்த்துப் பொறுக்கி நடுகிறீர்கள். உங்கள் ஆகஸ்ட் விதை ஏப்ரலுக்குக் கிழடு தட்டிவிடும் என்பதால், ஜனவரியில் தண்ணீர் வசதியுள்ள உறவினருக்கு நடக் கொடுத்து, அதில் வந்ததை அவர்கள் கடைபோகத்தில் மறுபடி நட்டு டிசம்பரில் எடுக்கும் கிழங்கை வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் நல்லது. அவர்கள் மண்ணையும் மேலே சொன்னபடி பார்த்துவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும். இல்லாவிட்டால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை சான்று பெற்ற புது விதை.

70 நாளுக்குமேல் காட்டுப்பன்றியும் முள்ளம்பன்றியும் வாசனை பிடித்து வரும். வேலிக்கு இப்போதே திட்டமிடுங்கள்.

120-ம் நாள் வாக்கில் இலை மஞ்சளானதும் தழையைத் தரையோடு அறுத்து வெளியே கொண்டுபோய்விட்டு, பன்னிரண்டு, பதினைந்து நாள் கிழங்கை மண்ணிலேயே விடுங்கள். தோல் முற்றவும், கருகல் வித்து சாகவும் இந்த நாள் வேண்டும். ஒரு கிழங்கைத் தோண்டிக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். தோல் வழண்டால் இன்னும் ஐந்து நாள். விலை ஏறட்டும் என்று மாதக்கணக்கில் மண்ணில் விடும் பழக்கம் மலையில் உண்டு. காய்ந்த பருவத்தில் சரி, செப்டம்பர் தாண்டி மழை பிடித்தால் அழுகலும் அந்துப்புழுவும் பங்கு கேட்கும். எடுக்கும் நாள் மழையில்லாத நாளாக இருக்கட்டும். முள்கொத்தைத் தூரிலிருந்து ஒரு அடி தள்ளிச் செருகி நெம்புங்கள், நேராகப் போட்டால் நல்ல கிழங்கில்தான் குத்தும். மேலே எடுத்தது ஓரிரு மணி நேரம் காய்ந்தால் போதும், வெயிலில் அதற்கு மேல் வேண்டாம். நிழலில் மூன்றடி உயரத்துக்கு மேல் போகாமல் குவித்து, காய்ந்த புல்லால் மூடிப் பத்துப் பதினைந்து நாள் வைத்தால் கீறல் எல்லாம் ஆறும். பிறகு பிரித்து மூட்டை கட்டி மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பலாம். நடுத்தரமாக விளைந்தால் 33 சென்டில் 2 டன், கை கூடினால் இரண்டரைக்கு மேல்.

எடுத்து முடித்த துண்டில் கேரட் விதைக்கப் பரபரக்காதீர்கள். மூன்று வாரம் விட்டு, ஒரு மழைக்குப் பின் போய்ப் பாருங்கள். தப்பிய கிழங்குகள் அங்கங்கே முளைத்திருக்கும். கோலியளவு கிழங்கு உட்பட ஒவ்வொன்றையும் தோண்டி எடுத்துவிட்டு, அடுத்த மாதம் இன்னொரு தடவை நடந்து பார்த்து, அப்புறம் விதையுங்கள்.